வேப்பங்கொழுந்தா, வெள்ளை மருந்தா? ஆட்டின் கண்ணே பதில் சொல்லும்!

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், ஆடு வளர்க்கிற வீடுகளில் ஒரு வாக்குவாதமும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். "வேப்பங்கொழுந்தையும் குப்பைமேனியையும் அரைச்சு ரெண்டு உருண்டை குடு. வயித்துப் பூச்சியெல்லாம் விழுந்துரும்" என்பார் அப்பத்தா. "அதெல்லாம் அந்தக் காலம் அப்பத்தா. கடையில வெள்ளை மருந்து வாங்கி மொத்த ஆட்டுக்கும் ஊத்திட்டா வேலை முடிஞ்சிரும்" என்பான் பேரன். கடைசியில் யார் குரல் ஓங்குகிறதோ, அந்த மருந்து ஆட்டின் வாய்க்குள் போகும்.

வெளியிலிருந்து பார்த்தால் இது பழமைக்கும் புதுமைக்குமான சண்டை. ஆனால், ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே கட்சி. எந்த ஆட்டுக்கு மருந்து தேவை என்று இருவருமே பார்ப்பதில்லை. கார்த்திகை பிறப்பதற்குள் நல்ல ஆடு ஒன்று திடீரென்று படுத்துவிடுவதற்கு முக்கியக் காரணம் அதுதான். நாலைந்து வெள்ளாடு வைத்திருக்கிற குடும்பத்தில் ஓர் ஆடு என்பது பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு. அவசரத்துக்கு விற்கிற நகை. அதனால் இந்த வாக்குவாதத்துக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் தேடுவது நல்லது.

கண்ணில் படுகிற புழுவும் படாத புழுவும்

குட்டியின் புழுக்கையில் வெந்த அரிசி போல வெள்ளையாக ஏதாவது நெளிந்தால் வீடே பதறிவிடும். அது நாடாப்புழுவின் துண்டு. பார்க்கத்தான் அருவருப்பாக இருக்கும். ஆட்டின் உயிருக்கு அதனால் வருகிற ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு.

உண்மையான எதிரி வேறு. அதன் பெயர் ஹீமாங்கஸ். ஆட்டின் நான்காவது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற உருண்டைப்புழு. இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் நீளம். ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளைக் கருப்பை முறுக்கிக்கொண்டு இருப்பதால், பெண் புழு சிவப்பு வெள்ளை நூலைச் சேர்த்துத் திரித்ததுபோல் தெரியும். அதையும் இறந்த ஆட்டின் வயிற்றைத் திறந்தால்தான் பார்க்க முடியும். புழுக்கையில் அதன் முட்டைகள் மட்டுமே வெளியே வரும். அவற்றைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும்.

ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது சுமார் 0.05 மில்லி ரத்தம். ஒரு சொட்டு அளவுதான். ஆனால், ஒரு வயிற்றில் ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லி ரத்தம் போகும். 25 கிலோ ஆட்டின் உடம்பில் இருப்பதே ஒன்றே முக்கால் லிட்டர் அளவு ரத்தம்தான். பத்து நாளில் அரை லிட்டர் போனால் அந்த ஆடு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பூச்சி இருந்தால் ஆடு கழியும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்தப் புழு மட்டும் இருந்தால் பெரும்பாலும் கழிச்சலே இருக்காது. புழுக்கை உருண்டையாக, ஒழுங்காகவே விழும். ஆடு மந்தையில் கடைசியாக நடக்கும், மூச்சு வாங்கும், தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை போலத் தொங்கும். தாடை வீங்கிய பிறகு கவனிப்பது, வீட்டில் பாதி எரிந்த பிறகு தண்ணீர் தேடுகிற கதை.

அப்பத்தாவின் உருண்டை பலிக்குமா?

மூலிகையை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மரபு மூலிகை மருத்துவத்துக்கென்றே தஞ்சாவூரில் ஓர் ஆய்வு மையம் நடத்தியிருக்கிறது. தேசியப் பால்வள வாரியம் மாடுகளுக்கான மூலிகைக் கைமருந்துகளைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. குடற்புழுவுக்கு அதில் சொல்லப்படும் பொருட்கள் பெரும்பாலும் அடுக்களையிலும் வேலியோரத்திலும் கிடைப்பவை. சீரகம், கடுகு, மிளகு, மஞ்சள், பூண்டு, வேப்பிலை, தும்பை, பாகற்காய், வாழைத்தண்டு, வெல்லம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

சிக்கல் எங்கே வருகிறது? வேப்பிலைச் சாற்றைக் கண்ணாடிக் குழாயில் வைத்துப் புழுவின் மேல் ஊற்றினால் விளைவு தெரியலாம். ஆட்டின் வயிறு கண்ணாடிக் குழாய் அல்ல. முதல் வயிற்றில் பல லிட்டர் தண்ணீரும் தழையும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் இருக்கின்றன. உருண்டையில் உள்ள சத்து அங்கே கரைந்து, நீர்த்து, சிதைந்து நான்காவது வயிற்றுக்குப் போய்ச் சேரும்போது எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் ஆடுகளுக்குப் பூண்டு கொடுத்துச் சோதித்தபோது புழு முட்டைகளின் எண்ணிக்கை குறையவில்லை. வேம்பு பற்றிய சோதனைகளில் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. செடி வளர்ந்த மண், பறித்த பருவம், அரைத்த விதம் ஒவ்வொன்றும் பலனை மாற்றும்.

எனவே கண் சிவந்து, நன்றாக மேய்ந்துகொண்டிருக்கிற ஆட்டுக்கு மூலிகை உருண்டை கொடுப்பதில் பெரிய நஷ்டம் இல்லை. வெளுத்துப்போன ஆட்டுக்கு அதை மட்டும் கொடுத்துவிட்டு மூன்று நாள் காத்திருப்பதுதான் ஆபத்து. அந்த மூன்று நாளும் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும்.

இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானதாகவும் ஆகிவிடாது. சில ஊர்களில் புகையிலையை ஊறவைத்துப் புகட்டுகிறார்கள். அதில் உள்ள நிகோட்டின் அளவு கொஞ்சம் கூடினாலும் புழுவோடு ஆடும் போய்விடும். மயில்துத்தமும் அப்படித்தான். செம்மறியாட்டின் ஈரலில் செம்பு சேர்ந்துகொண்டே போய் ஒரு நாள் உயிரை எடுத்துவிடும். இவை இரண்டும் ஒரு காலத்தில் வெளிநாட்டுப் பண்ணைகளிலும் பூச்சி மருந்தாகப் புழங்கியவைதான். அவற்றைவிடப் பாதுகாப்பான மருந்து வந்ததும் கைவிட்டுவிட்டார்கள்.

வெள்ளை மருந்து ஏன் தோற்கிறது?

அப்படியானால் பேரன் சொன்னதுதான் சரியா? அதிலும் பாதிதான் சரி.

1961-ல் தயாபெண்டசோல் என்ற பூச்சி மருந்து சந்தைக்கு வந்தபோது, புழுப் பிரச்னை ஒழிந்தது என்றுதான் உலகம் நம்பியது. 1964-லேயே அதற்கு அசையாத ஹீமாங்கஸ் புழுக்கள் செம்மறியாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டன. மூன்றே ஆண்டு! நம் ஊரில் வெள்ளை மருந்து என்று ஊற்றுகிற அல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் அதே குடும்பம். 1981-ல் வந்த ஐவர்மெக்டினுக்கும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தென்னாப்பிரிக்காவில் எதிர்ப்பு தோன்றிவிட்டது.

காரணம் எளிமையானது. மந்தை முழுவதுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றினால் பலவீனமான புழுக்கள் செத்துவிடும். மருந்தைத் தாங்கிய ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். இனி மேய்ச்சல் நிலத்தில் பரவுவது முழுக்க அந்த மிஞ்சிய புழுக்களின் வாரிசுகள்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் எல்லா ஆட்டுக்கும் ஊற்றுகிற வீட்டில், இந்தத் தேர்வு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது.

"இந்த மருந்து கேக்கலை, வேற கொடுங்க" என்று கடையில் மாற்றி வாங்குவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. டப்பாவின் பெயரும் நிறமும் மாறும். உள்ளே இருப்பது அதே குடும்பத்து மருந்தாக இருக்கும். அல்பெண்டசோலை விட்டு ஃபென்பெண்டசோலுக்குப் போவது, அண்ணன் கடையை விட்டுத் தம்பி கடைக்குப் போவது மாதிரி. லெவாமிசோல், ஐவர்மெக்டின், குளோசன்டெல் ஆகியவைதான் வேறு வேறு குடும்பங்கள். எப்போது எதற்கு மாறுவது என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல.

மண்ணிலிருந்து வந்த மருந்து

இயற்கையா, செயற்கையா என்று கோடு கிழிப்பவர்கள் ஒரு கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஐவர்மெக்டின் எங்கிருந்து வந்தது? ஜப்பானில் கவானா என்ற ஊரில், ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அருகே எடுத்த மண்ணிலிருந்து. அந்த மண்ணில் இருந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தவர் சதோஷி ஒமுரா. அதன் சாறு புழுக்களைக் கொல்வதைக் கண்டறிந்து மருந்தாக்கும் வேலையை முன்னின்று செய்தவர் வில்லியம் கேம்ப்பெல். 2015-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவர்களுக்குக் கிடைத்தது.

அந்தப் பரிசில் பங்குபெற்ற மூன்றாமவர் சீனாவின் டூ யூயூ. மலேரியாவுக்கு ஒரு மூலிகையிலிருந்து மருந்து எடுத்தவர். முதலில் அந்தச் செடியைச் சூடாக்கிச் சாறு எடுத்தபோது பலன் நிலையாக இல்லை. பழைய சீன மருத்துவ நூல் ஒன்றில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைப் பார்த்தார். சூட்டைக் குறைத்துச் சாறு எடுத்தார். மருந்து வேலை செய்தது.

பச்சிலையும் ஆய்வுக்கூடமும் எதிரிகள் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எந்த மருந்தையும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கொடுத்த பிறகு புழு குறைந்ததா?

கீழ் இமையைப் பாருங்கள்

அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. எந்த ஆட்டுக்குக் கொடுப்பது? ஒரு மந்தையில் உள்ள புழுக்கள் எல்லா ஆட்டிலும் சமமாக இருப்பதில்லை. ஐந்தில் ஓர் ஆடுதான் பெரும் பங்குப் புழுவைச் சுமக்கும். அந்த ஓர் ஆட்டைக் கண்டுபிடிக்க தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 1990-களில் ஒரு வண்ண அட்டையை உருவாக்கினார்கள். அதன் பெயர் ஃபமாச்சா. ஆட்டின் கீழ் இமையின் உட்புறம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று அட்டையோடு ஒப்பிடுவார்கள். நல்ல சிவப்பு என்றால் 1. வெள்ளைத் தாள் போல வெளுத்திருந்தால் 5.

அட்டை கையில் இல்லாவிட்டாலும் பழக்கம் வந்துவிடும். வெளிச்சத்தில் ஆட்டை நிறுத்தி, மேல் இமையைக் கட்டைவிரலால் மூடி மெதுவாக அழுத்துங்கள். இன்னொரு கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்தால் உள்தோல் வெளியே தெரியும். இரண்டு கண்ணையும் பார்க்க வேண்டும். சிவப்பாக இருக்கிற ஆட்டை விட்டுவிடலாம். வெளுத்திருந்தால் அன்றைக்கே மருந்து. இரண்டுக்கும் நடுவே இளஞ்சிவப்பாக இருந்தால், அது குட்டியா, சினை ஆடா, பால் கொடுக்கிற தாயா என்று பார்த்து முடிவெடுக்கலாம். இவை மூன்றும் புழுவுக்குச் சீக்கிரம் இளைத்துப்போகிறவை. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்த்தால் போதும்.

நல்லாயிருக்கிற ஆட்டுக்கு மருந்து ஊற்றாமல் விடுவதில் ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது. அதன் வயிற்றில் இருக்கிற சில புழுக்கள் மருந்தையே பார்க்காதவை. அவற்றின் வாரிசுகள் மேய்ச்சல் நிலத்தில் கலந்திருக்கும்வரை, மருந்தைத் தாங்கும் புழுக்களின் கூட்டம் பெருகுவது தாமதமாகும். மருந்தின் ஆயுள் கூடும்.

ஒரு எச்சரிக்கை: கண் வெளுப்பதற்கு ஈரல் தட்டைப்புழு, உண்ணி என்று வேறு காரணங்களும் உண்டு. குளத்தங்கரையிலும் வயல் வரப்பிலும் நத்தை இருக்கிற இடத்தில் மேய்கிற ஆட்டுக்குத் தட்டைப்புழு வரலாம். அதற்கு மருந்து வேறு. ரத்தம் குடிக்காத புழுக்கள் இருந்தால் கண் காட்டிக்கொடுக்காது. கழிச்சலும் மெலிவும்தான் சொல்லும்.

கண்ணளவு போதாது

"சின்ன ஆடு, பாதி மூடி, பெரிய ஆடு, ஒரு மூடி" என்று ஊற்றுவது பல இடங்களில் பழக்கம். குறைவாகக் கொடுத்த மருந்து புழுவைக் கொல்லாது, பழக்கிவிடும். மருந்தைச் செம்மறியாட்டைவிட வெள்ளாட்டின் உடம்பு வேகமாக வெளியேற்றிவிடும் என்பதால், பல மருந்துகளில் வெள்ளாட்டுக்கு அளவு கூடும். அதை மருத்துவரிடம் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

எடைபோடத் தராசு இல்லையென்றால் தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளக்க வேண்டும். அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முதல் பின்புற எலும்பு வரையிலான நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 27, நீளம் 24 என்றால் எடை ஏறக்குறைய 26 கிலோ.

சினை பிடித்த தொடக்க நாட்களில் அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது, கருவைப் பாதிக்கும். மருந்து கொடுத்த ஆடு, மாட்டின் பாலையும் இறைச்சியையும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்று டப்பாவில் அச்சிட்டிருக்கும். வீட்டுக் குழந்தை குடிக்கிற பால் என்பதை நினைத்து அதைப் படிக்க வேண்டும். புகட்டும்போது தலையை அண்ணாந்து பிடித்தால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். தலை நேராக இருக்க, கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

மருந்து வேலை செய்ததா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. கொடுப்பதற்கு முன் ஒரு பிடி புதுப் புழுக்கையைக் கவரில் போட்டுக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்து முட்டைகளை எண்ணச் சொல்லலாம். 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எண்ண வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் கீழே குறைந்திருந்தால் அந்த மருந்துக்கு அந்தப் பட்டியில் மதிப்பு போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். மூலிகை உருண்டைக்கும் இதே தேர்வுதான்.

மருந்துக்கு முன்னால் மேய்ச்சல்

புழுக்கையில் விழுந்த முட்டை, ஈரமும் சூடும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றும் பருவத்தை அடையும். பனி ஈரத்தில் புல்லின் மேல் ஏறும். ஆட்டின் வாய்க்குள் போனால் மூன்று வாரத்தில் அதுவே முட்டை இடும். அந்தக் குஞ்சுப் புழுவால் உயரமாக ஏற முடியாது. பெரும்பாலும் புல்லின் அடியில் இரண்டு, மூன்று அங்குலத்துக்குள்தான் இருக்கும்.

"பனிப்புல்லுல ஆட்டை விடாதே" என்று கீதாரிகள் சொல்வதன் அருமை இங்கேதான் புரியும். வெயில் ஏறிப் பனி உலர்ந்த பிறகு ஓட்டிச் செல்வது, மொட்டையாக மேய்ந்த இடத்தில் மறுபடி விடாமல் இடம் மாற்றுவது, தழையை வெட்டிக் கட்டித் தொங்கவிடுவது எல்லாமே புழுவைப் பட்டினி போடுகிற வேலைதான். வெள்ளாடு இயல்பிலேயே அண்ணாந்து தழை கடிக்கிற பிராணி. அதைத் தரைப்புல்லில் மட்டும் மேயவைத்தால் புழு கூடும். துவர்ப்பு உள்ள தழைகளில் இருக்கிற டானின் என்ற பொருள் புழுவை ஓரளவு கட்டுப்படுத்துவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அளவு மீறினால் செரிமானம் கெடும். அகத்தி, வேலிமசால், கொஞ்சம் கடலைப்புண்ணாக்கு என்று புரதம் கிடைக்கிற ஆடு புழுவையும் தாங்கி நிற்கும்.

சந்தையில் வாங்கிவந்த ஆட்டை நேராக மந்தையில் சேர்க்காமல் தனியே கட்டி, மருத்துவரைக் கேட்டு மருந்து கொடுத்து, புழுக்கையைச் சோதித்த பிறகு சேர்ப்பது நல்லது. யாரோ வளர்த்த எதிர்ப்புப் புழுவை நாம் காசு கொடுத்து வாங்கிவர வேண்டாம்.

யார் சொல்வது சரி?

அப்பத்தாவுக்கு ஆட்டைத் தெரியும். எந்த ஆடு பின்தங்குகிறது, எது தழையை முகர்ந்துவிட்டு விடுகிறது என்று அவர் கண்ணுக்குத் தப்பாது. பேரனுக்கு மருந்தின் பெயரும் அளவும் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் பட்டி பிழைக்கும். சிவந்த கண்ணுள்ள ஆட்டுக்கு அப்பத்தாவின் உருண்டையும் நல்ல தழையும் போதும். வெளுத்த கண்ணுள்ள ஆட்டுக்கு எடை பார்த்துச் சரியான அளவில் மருந்து வேண்டும். தாடை வீங்கிப் படுத்த ஆட்டுக்கு மருந்தோடு மருத்துவரும் வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ உதவி கிடைக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. நாளைக் காலை பட்டியைத் திறக்கும் முன், ஒவ்வோர் ஆட்டின் கீழ் இமையையும் இழுத்துப் பாருங்கள். செலவு ஒரு பைசா இல்லை.